ரியலி தின்ற மீசை

டிக்கோயாவில் இங்கிலீஷ் மாஸ்டராக இருக்கும் என் மைத்துனர் மயில்வாகனம் அவர்களுக்கு, பொகவந்தலாவைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீரபத்திரன் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு என் மேலுதடு தவிர அனைவரும் சுகம். அங்கு உங்கள் மேலுதடும் மற்றவர்களும் சுகந்தானா என்று பதில் எழுதவும்.

மச்சான், போன தீபாவளிக்கு வந்தபோது, "இங்கிலீஷ்ல ஒண்ண அழுத்திச் சொல்லணும்னா ஒரு ரியலி போடுங்க மச்சான்" என்று சொல்லிக் கொடுத்தீர்களே, நன்றாக இருங்கள். அதை எங்கே போடுவது என்று சொல்லாமல் பலகாரத்தைத் தின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். நம்ம பாஷையில் "நெசமாவே வேணாங்க" என்றாலும் "வேணாங்க, நெசமாவே" என்றாலும் வேணாம் வேணாந்தான். இங்கிலீஷும் அப்படித்தான் என்று நம்பி நான் நாசமாகப் போனேன்.

நடந்தது இதுதான். கிறிஸ்மஸுக்கு லயத்துத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக எங்கள் வெள்ளைக்காரத் துரையின் சம்சாரம் துரைசாணி நாடகம் போடுகிறார். ராணி வேஷம் போட இருந்த வெள்ளைக்கார அம்மாவுக்குக் காய்ச்சல். உயரமும் நிமிர்ந்த நடையும் எனக்குத்தான் இருக்கிறதாம். ராணிக்கு மீசை ஆகாதே, எடுத்துவிடலாமா என்று துரைசாணி கேட்டார். தை பிறந்தால் என் மகள் ஜெயலெட்சுமிக்கு நிச்சயதார்த்தம். அப்பன் செத்தால்தானே மகன் மீசை எடுப்பது நம்ம வழக்கம்? மொட்டை உதட்டோடு என்னை யாராவது பார்த்தால், வீட்டில் துக்கம், வருஷம் திரும்பும்வரை நல்ல காரியம் இல்லை என்று நல்லதண்ணி ஊர்ச் சம்பந்தி நல்லமுத்து வேறு பெண் பார்க்கப் போய்விடுவாரே! அதனால் நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி இங்கிலீஷிலேயே நன்றாக அழுத்தி, "மேடம், ஐ டோன்ட் ரியலி வான்ட்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் இன்னும் சத்தமாகச் சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார். அதற்கு மறுநாள் பங்களா வாசலில் நாற்காலி, சோப்பு நுரை, கத்தியோடு நம்ம பார்பர் செல்லசாமி!

"என்னாங்க கணக்கப்பிள்ள, பெரியவர் போயிட்டாங்களா? ஒரு வார்த்த சொல்லலியே!" என்று கண் கலங்கிக்கொண்டே என்னை நாற்காலியில் அமுக்கி இடது பக்கத்தை ஒரே இழுப்பில் வழித்துவிட்டான் படுபாவி. அந்தப் பதற்றத்தில் வாய் குளறி, "மேடம்! ஐ ரியலி டோன்ட் வான்ட்!" என்று அலறிவிட்டேன். துரைசாணி கையிலிருந்த கோப்பை கீழே விழுந்தது. "ஐயோ! நீ முன்னே சொன்னது 'அவ்வளவா வேணாம்'! வெக்கப்படுது, கொஞ்சம் ஆசை இருக்குன்னு நான் நெனச்சேன். இதுதான் 'வேணவே வேணாம்'! ஏன் முன்னாடி சொல்லலே?" என்கிறார். ஒரு சொல் ஒரு அடி தள்ளி உட்கார்ந்ததற்கு என் மீசையா மச்சான் கிடைத்தது? பாதி மீசையோடு ரோட்டில் நடக்க முடியுமா? மீதியையும் எடுக்கச் சொல்லிவிட்டு நாடகமும் வேணாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

வருவதற்குள் செல்லசாமியின் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. லயத்துப் பொம்பளைகள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி. உங்க அக்கா தனலெட்சுமி என் முகத்தைப் பார்த்ததும் தானும் "மாமா!" என்று விழுந்து அழுகிறாள், காலையில் அப்பாவுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தவளே அவள்தான்! சத்தம் கேட்டு அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, "யாருப்பா போனது?" என்று கேட்டபடி நடுவில் உட்கார்ந்து, "நல்ல மனுசன், நல்ல மனுசன்" என்று தானும் ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டார். பிறகுதான் என் உதட்டைப் பார்த்தார். "அடப்பாவி! நான் உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அதுக்குள்ள எடுத்துட்டியேடா!" என்று செருப்பைத் தேடினார்.

சேதி பஸ் ஏறி நல்லதண்ணிக்குப் போய்விட்டது. பெத்த வயிறு எரிகிறது மச்சான். பிள்ளை மூலையில் உட்கார்ந்து அழுகிறது. உடனே நீங்கள் சம்பந்தி வீட்டுக்குப் போய் அப்பா சாகவில்லை என்று சொல்லுங்கள். தயவுசெய்து தமிழிலேயே சொல்லுங்கள். இங்கிலீஷில் "நாட் ரியலி" என்று ஏதாவது வந்து தொலைத்தால் அப்பா பாதி செத்தவர் ஆகிவிடுவார்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் மீசை பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
வழவழ உதட்டுடன்,
வீரபத்திரன்

பி.கு: நல்லதண்ணிக்குப் போக வேண்டாம். கடிதத்தை ஒட்டும்போதே சம்பந்தி மாலையோடு அழுதுகொண்டு வந்து இறங்கினார். அப்பாவே போய், "வாங்க, வாங்க, யாரு செத்துட்டாங்க?" என்று மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சம்பந்தி சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. தையில் நிச்சயதார்த்தம் உறுதி. பின்னாலேயே துரைசாணி மன்னிப்புக் கேட்க வந்து, "ராணி இல்லாமலே நாடகம் போடுறேன்" என்று வாடிய முகத்தோடு திரும்பினார். போன மீசை போனதுதான். துரைசாணிக்குப் பயந்து ராணி பேசுவதை எல்லாம் வேறு நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறேன். உங்க அக்கா தன் கூறைச் சேலையை உதறி என் தோளில் வைத்து அளவு பார்க்கிறாள். தேயிலைச் செடிக்கு நடுவே துரைசாணி பின்னால் ஓடிப்போய், இந்தத் தடவை எதை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்து, "மேடம், ஐ டோன்ட் ரியலி வான்ட்" என்றேன்.