டிஷ்யூ பாக்கெட்டும் எட்டு ஜிபியூவும்

சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்குச் சாப்பாட்டுக் கடைகளில் காலி மேசையைப் பார்த்தால் கை தானாகப் பைக்குள் போகும். ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டால் மேசை நம்முடையது. பிறகு நிதானமாகப் போய் பிரியாணியா தோசையா என்று யோசித்து, மனம் மாறி, மறுபடி யோசித்துத் திரும்பி வரலாம். யாரும் தொடமாட்டார்கள். (குடை வைப்பவர்களும் உண்டு. என் அப்பா ஒருமுறை வீட்டுச் சாவியையே வைத்துவிட்டுப் போனார்.) இந்த நல்ல பழக்கத்தை நான் கணினி வரைக்கும் கொண்டுபோனேன்.

அப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. பெரிய கணக்குகளை ஓட்டுவதற்கென்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு கணினித் தொகுதி இருந்தது. கிளஸ்டர் என்போம். இத்தனை ஜிபியூ (பெரிய கணக்குகளை வேகமாகப் போடும் சில்லு) வேண்டும், இவ்வளவு மெமரி வேண்டும், இவ்வளவு நேரம் வேண்டும் என்று ஒரு ஜாப், அதாவது கோரிக்கை, போட்டால் அது நம்மை வரிசையில் நிறுத்தும், முறை வந்ததும் கொடுக்கும். கொடுத்ததை நாம் உபயோகிக்கிறோமா, சும்மா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமா என்று கேட்காது. எனக்கு அதில் பிடித்ததே அந்தப் பெருந்தன்மைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால், அதில் எப்போதும் கூட்டமாயிருக்கும், எட்டு ஜிபியூ உள்ள பெரிய மெஷின் முழுசாகக் காலி. என் ப்ரோக்ராம் பாதிதான் எழுதியிருந்தேன். எழுதி முடித்திருந்தாலும் அதற்கு ஒரு ஜிபியூ தாராளம். நான் எட்டையும் கேட்டேன். மெமரியையும் ஒரு சொட்டு விடாமல் கேட்டேன். திங்கட்கிழமை மாலைவரை வேண்டும் என்றேன். உடனே கிடைத்தது. புக்கிட் மேரா வீட்டில் தம்பி ஆன்டனியிடம் பீற்றிக்கொண்டேன்.

"எட்டு எதுக்கு உனக்கு?" என்றான்.

"இருக்கட்டும் லா. அப்புறம் தேடினா கிடைக்காது."

மறுநாள் சனிக்கிழமை, ஆன்டனியின் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனேன். மாடியில் தையல்காரரிடம் கை இறுக்கம் என்று சண்டை போட்டுவிட்டுக் கீழே சாப்பிட வந்தால், உட்கார இடமில்லை. நாலு பேர் மேசை ஒன்று காலியாக இருந்தது. நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட். ஆளைக் காணோம். என் கையிலிருந்த தட்டில் மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. என்ன ஜென்மங்களோ, ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டு ஊர்சுற்றப் போய்விடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் வாய்விட்டே சொன்னேன். அந்த நேரத்தில்தான் முருகேசன் போன் செய்தான்.

முருகேசன் என் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஜூனியர், தென்காசிக்காரன். செவ்வாய்க்கிழமை அவன் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கடைசி அத்தியாயத்துக்கு ஒரே ஒரு ரன், கிளஸ்டரில் ஓட்டவேண்டிய ஒரு கணக்கு, பாக்கி. தவணை ஏற்கெனவே ஒருமுறை நீட்டியாகிவிட்டது, உதவித்தொகையும் முடிந்துவிட்டது. இந்த முறை தவறினால் ஊருக்குப் போகவேண்டியதுதான்.

"அக்கா, சாப்பிடுற நேரத்துல தொந்தரவு பண்றேன். அந்தப் பெரிய மெஷின் உங்க பேர்ல இருக்கு. அடுத்து என் ஜாப்தான் நிக்குது. எப்ப முடியும்னு தெரிஞ்சா..."

"என் ரன் ஓடிக்கிட்டு இருக்கு தம்பி. கொஞ்சம் டைம் எடுக்கும்."

அவன் மிக மரியாதையாகச் சொன்னான்: "யூசேஜ் ஜீரோன்னு காட்டுதுக்கா."

யார் எவ்வளவு உபயோகிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்படி ஒரு பக்கம் உண்டு. நான் மறந்தே போயிருந்தேன். நேற்றிலிருந்து என் பெயருக்கு நேராக எட்டுப் பூஜ்யங்கள் ஊருக்கே தெரிய நின்றிருக்கின்றன. தட்டோடு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்போதாவது சரி, விட்டுவிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். மானம் போன சீனியர் அப்படிச் செய்வாளா? உடனே வள்ளலாகிவிட்டேன்.

"நீ கவலைப்படாத. வேற யார் கைக்கும் போகாம நேரா உனக்கே விடுறேன். இப்ப நிக்கிற ஜாப்ப எடுத்துடு. நான் வீட்டுக்குப் போய் லேப்டாப்ப திறந்து சொல்றேன், உடனே புதுசா போடு."

"எடுக்கணுமாக்கா? அதுதானே அடுத்ததா நிக்குது?"

"நான் சொல்றேன்ல."

என் மூளை வேலை செய்த விதம் இது: தெரிந்தவனுக்கு மேசையை விட்டுக்கொடுப்பது என்றால், அவன் முதலில் கடை வரிசையிலிருந்து வெளியே வந்து நம் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். நாம் எழுந்த நொடியில் அவன் உட்காரவேண்டும். தேக்காவில் என்றைக்கும் அப்படித்தான் நடக்கும். முருகேசன் என்னை நம்பி ஜாப்பை எடுத்தான்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து, அவனைக் கூப்பிட்டேன்.

"ரெடியா?"

"ரெடிக்கா."

ஒன், டூ, த்ரீ என்று சொல்லி மெஷினை விடுவித்தேன். அவன் விரல் விசையைத் தொடுவதற்குள் மெஷின் போய்விட்டது. அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த, நாங்கள் முகம்கூடப் பார்த்திராத ஒருவருக்குப் போனது. எட்டு ஜிபியூ, முழு மெமரி, வியாழக்கிழமை வரைக்கும். அவருடைய யூசேஜ் கிடுகிடுவென்று உச்சிக்கு ஏறியது. திட்டக்கூட வழியில்லாத மனிதர்.

முருகேசன் வரிசையின் கடைசியில் நின்றான். நான் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போயிருந்தால் அது அவனுக்குத்தான் வந்திருக்கும்.

கிளஸ்டரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டேன். வார இறுதி, யாரும் இல்லை. திங்கட்கிழமை பதில் வந்தது: எடுத்த ஜாப்புக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்காது. முருகேசன் கடைசி அத்தியாயம் இல்லாமலேயே ஆய்வேட்டைக் கொடுத்தான். தேர்வாளர்கள் ஏற்கவில்லை. முனைவர் பட்டத்துக்கு வந்தவனை முதுகலைப் பட்டம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு பெட்டி சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். (ஒரு பட்டத்துக்குப் பதில் சாக்லேட்!) "விடுங்கக்கா, நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

வீட்டில் பாதிக் கதைதான் சொன்னேன், அந்தப் பூஜ்யங்கள் வரைக்கும். அது போதுமாயிருந்தது. ஆன்டனி அதைத் தன் கல்யாண விருந்தில் மைக் பிடித்துச் சொன்னான். இப்போது நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்தால் போதும், அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே "யூசேஜ் ஜீரோ" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

போன வாரம் ஆன்டனியின் மனைவிதான் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்புறம் அந்தத் தம்பிக்கு இடம் கிடைச்சுதா அண்ணி?"

இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"கிடைச்சுது" என்றேன்.