குமிழி நானாவின் வயிறு

மனிதன் செய்ததோ ஆண்டவன் செய்ததோ, எந்தப் பொருளானாலும் தண்ணீரில் முக்கினால் அதன் கோளாறு தெரிந்துவிடும் என்று நம்பி வாழ்ந்த ஒரே ஆள் மலாக்காவில் குமிழி நானாதான். காஜா பேராங் சாலையில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். வாசலில் ஒரு தகரத் தொட்டி. பஞ்சரான டியூபுக்குக் காற்றடித்து அதில் முக்கி, குமிழி வரும் இடத்தில் அடையாளம் வைப்பார். இதை எல்லாச் சைக்கிள் கடைக்காரரும் செய்வார்கள். நானா அதோடு நிற்கமாட்டார். குடையை முக்குவார், பிளாஸ்க்கை முக்குவார். ஒரு முறை தபால்காரர் தன் கைக்கடிகாரம் நின்று நின்று ஓடுவதாகச் சொல்லிக் கழற்றிக் காட்டினார். காட்டியதுதான் தெரியும், நானா அதைத் தொட்டிக்குள் முக்கிவிட்டார். "குமிழி வரல. உள்ள நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கடிகாரம் நின்று நின்று ஓடவில்லை. நின்றேவிட்டது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். அவர்கள் அண்ணனை நானா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எப்போதும் மழித்த தலை, குட்டைத் தாடி, கட்டம் போட்ட சாரோங்.

எனக்குப் பெருங்குடல் எடுத்த கதையைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது. சங்கடமான கதைதான். காப்பியோடு உட்கார்ந்திருப்பவர்கள் குடித்து முடித்துவிட்டு வரவும்.

நான் அதே சாலையில் முடிவெட்டும் கடையில் வேலை செய்தேன். நாலு வருஷமாக வயிற்றுப்போக்கு, அதுவும் ரத்தத்தோடு. ஒரு தலையை முடிப்பதற்குள் மூன்று முறை பின்பக்கம் ஓடுவேன். ஒரு காதுப் பக்கம் வெட்டியும் மறு காதுப் பக்கம் வெட்டாமலும் ஆட்கள் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டி, பெருங்குடல் முழுவதையும் எடுத்தால்தான் பிழைப்பேன் என்றார். நான் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வயிற்றுக்குள் இரண்டு குடல் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்த அன்றே ஒன்று போகிறது என்கிறார்.

எடுத்தார்கள். சிறுகுடலின் நுனியை வலது பக்க வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். ரோஜா மொட்டு மாதிரி இருக்கிறது என்றார் நர்ஸ். எனக்குத் தக்காளி மாதிரிதான் தெரிந்தது. இனி எல்லாம் அந்த வழியாகத்தான். அதன்மேல் ஒட்டிக்கொள்ள இங்கிலாந்து ரப்பர் பை ஒன்று தந்தார்கள். நிறைந்ததும் அடிக் கிளிப்பைத் திறந்து கொட்டிவிட்டுக் கழுவ வேண்டும். ஒரே ஒரு பை. அடுத்தது கப்பலில் வரும் என்றார்கள். எந்தக் கப்பல் என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கவலைப்படுவதே எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது. கொத்தமல்லி விதை முழுசாக வெளியே வந்தால், உடம்பில் சத்து எதுவும் ஒட்டவில்லை என்று பயம். தண்ணீர் குடித்தால் அப்படியே வருகிறதே என்று பயம். குடிக்காவிட்டால் நாக்கு வறண்டு கெண்டைக்கால் இழுக்கிறதே என்று பயம். உப்புப் போட்ட கஞ்சியும் வாழைப்பழமும்தான் கொஞ்சம் நிதானப்படுத்தின. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், சத்தம். தக்காளிக்கு வாயை மூடத் தெரியாது. நினைத்த நேரத்தில் 'களக்' என்னும், 'பொர்ர்' என்னும். முடிவெட்டுகிறவனின் வயிறு எங்கே இருக்கும்? உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரின் காதுக்குப் பக்கத்தில். நான் எப்படி மறுபடி அங்கே போய் நிற்பேன்?

இந்த நிலைமையில் முதலாளி பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"மெர்டேக்கா வருது. மலாக்காவுல உள்ள அத்தனை தலையும் நம்ம கடைக்குத்தான் வரும். அதுக்கு முந்தின வாரம் நீ வந்து நிக்கணும். இல்லாட்டி மூவார்ல ஒரு ஆளு இருக்கான், அவனுக்குக் காயிதம் போட்டுருவேன். தப்பா நெனைக்காதே."

மெர்டேக்கா என்றால் விடுதலை. நாடே அதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தது. நானும் எண்ணினேன், வேறு காரணத்துக்காக.

அந்த வாரமே பை ஒழுக ஆரம்பித்தது. சுற்றியிருந்த தோல் வெந்து சிவந்தது. நான் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. என் மனைவி பாக்கியம் எனக்குப் பழந்துணியைக் கட்டிவிட்டு, பையைக் கழுவிப் பத்திரிகைத் தாளில் சுற்றி, என்னிடம் சொல்லாமல் குமிழி நானாவிடம் கொண்டுபோய்விட்டாள்.

நானா காற்றடித்துத் தொட்டியில் முக்கினாராம். ஓரத்தில் குமிழி வந்ததாம்.

"நல்ல ரப்பருதான். எந்த வண்டிக்கு தங்கச்சி?"

"எங்க வீட்டுக்காரருக்கு நானா."

நானா பம்பைக் கீழே வைத்தாராம். பிறகு கடைக் கதவைச் சாத்தினாராம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தவிர, பகலில் அந்தக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை.

சைக்கிள் கேரியரில் தொட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சட்டையத் தூக்கு."

"வேணாம் நானா. அசிங்கம்."

"உஜோங் பாசிர்ல மீன் கூடை கட்டுற சைக்கிளக் கழுவுறவன் நான். எங்கிட்ட அசிங்கத்தப் பத்திப் பேசுறியா? தூக்கு."

தூக்கினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சக்கரத்தில் கோணல் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்.

"வால்வு புதுசா இருக்கு. ஒரு குறையும் இல்ல. கோளாறு ரப்பர்லதான். உன்கிட்ட இல்லப்பா."

ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தொட்டிய எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்று பாக்கியம் கேட்டாள். நானா தொட்டியை மெல்ல வாசல் பக்கம் தள்ளி வைத்தார். என்னை அதில் உட்காரவைத்துப் பார்க்கும் எண்ணம் அவருக்கு இருந்தது என்றுதான் இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

"அடுத்த பை கப்பல்ல வருதாம்," என்றேன்.

"சுத்தி ரப்பர் பால் எடுக்குற கித்தாத் தோட்டமா இருக்கு. நீ ரப்பருக்குக் கப்பலப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கே," என்றார்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். சைக்கிள் டியூபைப் பிளந்து பை வெட்டினார். பஞ்சர் ஒட்டும் சொலுசனை முதலில் தன் வயிற்றில் பூசிப் பார்த்தார். "எரியுது. உனக்கு வேணாம்," என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். முடியெல்லாம் பிடுங்கிக்கொண்டு, சரியாக ஒரு பஞ்சர் ஒட்டு அளவுக்குச் சிவந்திருந்தது. அதனால் ஒட்டுவதை விட்டுவிட்டு ரப்பர் வளையமும் இடுப்பு வாரும் வைத்தார். வளையத்துக்கு அடியில் ஆஸ்பத்திரி தந்த வெள்ளைக் களிம்பு.

"தண்ணீல முக்கிப் பாத்தேன், குமிழி இல்ல. ஆனா தொட்டி ஆடாது. மனுசன் ஆடுவான்," என்றார்.

ஆகவே பைக்குள் பருப்புக் குழம்பை ஊற்றி, தன் வயிற்றில் கட்டிக்கொண்டு, சைக்கிளில் தெங்கேராவுக்குப் புறப்பட்டார். ரோட்டில் குழி பார்த்து ஓட்டினார். விலகுவதற்கு அல்ல, விழுவதற்கு. முதல் பை பாதி வழியில் ஒழுகியது. இரண்டாவது, போய்விட்டு வந்து இறங்கும்போது. மூன்றாவது பை பண்டார் ஹிலிரில் ஒரு தேத்தண்ணிக் கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் வெடித்தது. சாரோங் முழுக்க மஞ்சள். பக்கத்தில் இருந்தவர்கள் தேத்தண்ணியோடு எழுந்து வெளியே போனார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி காஜா பேராங் முழுக்கப் பரவிவிட்டது: குமிழி நானாவுக்கு வயிறு கெட்டுப்போச்சு. ஒருவர் மாதுளம்பழத் தோலைக் காயவைத்துக் கொடுத்தார். ஒருவர் ஓதிய தண்ணீர் கொடுத்தார். கடைக்கு வருகிறவர்கள் நாலடி தள்ளி நின்று சைக்கிளை உருட்டிவிட்டார்கள். நானா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "பருப்புதான்னு சொல்லியிருக்கலாமே நானா."

"பருப்ப ஏன்யா வயித்துல கட்டினேன்னு கேப்பாங்க. அப்புறம் உன் பேரு வரும்," என்றார், டியூபை வெட்டிக்கொண்டே. "நாலாவதுக்கு ஓரத்துல ரெண்டு பூச்சு குடுக்கணும்."

நாலாவது பை நின்றது. உஜோங் பாசிர்வரை போய்த் திரும்பியும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

மெர்டேக்காவுக்கு முந்தின வாரம், அதைக் கட்டிக்கொண்டு, அரை டப்பா பவுடரைக் கொட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். ஓரத்தில் குமிழி நானா.

"உங்களுக்கு என்னா நானா வெட்டணும்?" என்றார் முதலாளி, அந்த மழித்த தலையைப் பார்த்து.

"மத்தவங்க போகட்டும். எனக்கு அவசரம் இல்ல."

என் நாற்காலியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்தார். கத்தரியை எடுத்தேன். இரண்டு வெட்டு. தக்காளி அவர் காதுக்குள்ளேயே 'பொர்ர்' என்றது. வாத்தியார் திரும்பினார்.

பத்தடி தள்ளிப் பெஞ்சில் இருந்த நானா தன் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "மன்னிச்சுக்கங்க சார். நம்ம வயிறு. பருப்பு சேரல."

வாத்தியாரும் தேத்தண்ணிக் கடைச் சங்கதியைக் கேள்விப்பட்டிருந்தார். இரக்கத்தோடு தலையாட்டினார். நான் அந்த ஆட்டத்தோடு சேர்த்தே வெட்டி முடித்தேன்.

நாலு நாள் இப்படியே நடந்தது. நானாவுக்கு வேகம் கூடிக்கொண்டே போனது. என் வயிறு சும்மா இருந்தபோதும் ஒரு முறை மன்னிப்புக் கேட்டார். ஏன் என்று பிறகு கேட்டேன். "முன்கூட்டியே சொல்லி வச்சேன்," என்றார்.

ஐந்தாம் நாள் அவர் வரவில்லை. மெர்டேக்கா ஊர்வலத்துக்கு ஓட்டிப் போகும் சைக்கிள்கள் அவர் கடையை அடைத்துக்கொண்டு நின்றன. என் நாற்காலியில் பசாரில் மீன் விற்கும் பெரியவர். நான் பெஞ்சையே பார்த்துப் பார்த்து வெட்டினேன். தக்காளி அதுவரை இல்லாத குரலில் நீளமாகக் கத்தியது.

"யாருப்பா அது?" என்றார் பெரியவர்.

முதலாளியின் சவரக்கத்தி பாதியில் நின்றது. பெஞ்சின் ஓரத்தில் யாரோ ஒரு அந்நிய ஆள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"என் வயிறுதாங்க," என்றேன். "ஆப்பரேசன் பண்ணின வயிறு. இனிமே அது அப்படித்தான் கத்தும்."

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப காதுகிட்ட இன்னும் கொஞ்சம் கொறச்சு வெட்டு."

அவ்வளவுதான். நாலு மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது அவ்வளவுதான். முதலாளி மறுபடி கத்தியை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே, "மூவார் ஆளு வேணாம் போலருக்கு," என்றார், யாரையும் பார்க்காமல்.

கடை சாத்தியதும் நேரே நானாவிடம் போய்ச் சொன்னேன். பம்பு அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வேலையைவிட்டு நிறுத்தப்பட்டவர் மாதிரி முகம் விழுந்துபோனது.

"நீயே சொல்லிட்டியா? அப்ப நான் இனிமே வரவேணாம்."

"உங்க இஷ்டம் நானா," என்றேன்.

மறுநாள் காலையில் நான் கடையைத் திறக்கப் போனபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூட்டிப்போய் என் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, ஒரு முடிகூட இல்லாத அந்தத் தலையில் அரைமணி நேரம் கத்தரியை ஓட்டினேன்.