லண்டன்காரனுக்காக அழுகிறவர்

வளைகுடாவுக்கு வந்து சேர்ந்த நம் ஆட்களில் பல ரகங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலையில் பல் தேய்க்கும் முன்பே தங்கத்தின் விலையைச் சொல்பவர், ஊருக்குப் போகிற பெட்டியைக் கட்டுவதற்கென்றே வருடம் முழுக்கக் கயிறு சேர்ப்பவர், எல்லா நாட்டுக்காரரிடமும் இந்தியில் பேசி யாருக்கும் எதுவும் புரியாமலேயே காரியத்தை முடித்துவிடுபவர் என்று நம்மிடம் ஆளுக்குக் குறைவில்லை. இன்று நான் அறிமுகப்படுத்தப் போகிறவர் இவர்கள் எல்லாரையும்விட அரியவர். ஆனால் சமீப காலமாக வேகமாகப் பெருகிவருகிறார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர், தனிமை ரசிகர்.

தனியாக இருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். தனியாக இருக்க இங்கே யாருக்கு வசதி இருக்கிறது? அறைக்கு ஆறு பேர், குளியலறைக்குப் பத்துப் பேர். நம்மவர் தனிமையைப் படத்தில் பார்த்து ரசிப்பவர். அதுவும் பிரிட்டிஷ் தனிமை. உள்ளூர்ச் சரக்கு அவருக்குச் செரிக்காது.

அந்தப் படங்களை நீங்கள் பார்த்ததில்லை என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். சாம்பல் நிறத்தில் ஓர் ஊர். அதில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவன். அவன் கெட்டிலில் தண்ணீர் வைக்கிறான், தண்ணீர் கொதிக்கும்வரை நாமும் கூடவே நிற்க வேண்டும், பிறகு அவன் ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிறான், மழையில் ஒரு பஸ் போகிறது, பஸ்ஸில் யாரும் இல்லை, அவன் டப்பாவைத் திறந்து குளிர்ந்துபோன பீன்ஸைக் கரண்டியால் சாப்பிடுகிறான், மறுபடியும் ஜன்னல். யாராவது கதவைத் தட்டுவார்களா என்று நாம் காத்திருப்போம். தட்ட மாட்டார்கள். படம் முடிந்துவிடும்.

துபாய் அல் குசைஸில் இருக்கும் அருள்முருகனைத்தான் இந்த ரகத்துக்கு நல்ல மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். அரியலூர்க்காரர். ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்கிவைக்கும் உத்தியோகம். அறையில் ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டு, வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்கும் மே மாதத்திலும், கம்பளிக்குள் புகுந்துகொண்டு கறுப்புக் காப்பி குடித்தபடி லேப்டாப்பைப் பார்த்துக் கண்கலங்குவார். துபாயில் அத்திபூத்தாற்போல மழை கொட்டித் தெருவெல்லாம் குளமானபோது, அக்கம்பக்கத்துக்காரர்கள் கீழே முழங்கால் தண்ணீரில் நின்று காரைத் தள்ளிக்கொண்டிருக்க, இவர் மட்டும் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று "அப்படியே மான்செஸ்டர்" என்று பெருமூச்சு விட்டார். மான்செஸ்டருக்கு அவர் போனதில்லை. அபுதாபிக்கே கம்பெனி வேனில்தான் போயிருக்கிறார்.

ஊரிலிருந்து மனைவி சங்கீதா வீடியோ காலில் வருவது படம் நடுவில் இருக்கும்போதுதான். மனைவிமாருக்கு அந்த நேரம் எப்படித்தான் தெரியுமோ.

"கண்ணு ஏன் செவந்திருக்கு? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லயா?"

"படம் பாத்துட்டிருந்தேன். ஒருத்தன் லண்டன்ல தனியா டீ போடுறான். தாங்க முடியல."

"நானும் ஒம்பது வருசமா தனியாத்தான் டீ போடுறேன்."

"ஒனக்கு இதெல்லாம் புரியாது. அப்பறம் கூப்புடுறேன்."

சங்கீதாவுக்கு எது புரியாது என்று கடைசிவரை அவர் விளக்கவில்லை.

அறையில் அவருடைய பழக்கம் இப்படி. வேலை விட்டு வந்ததும் ஹெட்போன் காதில் ஏறிவிடும். யாராவது ஏதாவது பேச வந்தால் ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். ஒரு நிமிஷம் என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு நிமிஷம் இதுவரை எவருக்கும் முடிந்ததில்லை. சமையல் முறைக்காரர் தட்டில் சோறு போட்டு மூடிவைப்பார். அதை எடுத்துக்கொண்டு தன் கட்டிலில் ஏறித் திரையை இழுத்துவிட்டுத் தனியாகச் சாப்பிடுவார். நவீன நகரத்தில் மனிதனுக்கு மனிதன் சுவராகிவிட்டான் என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். திரைக்கு உள்ளே இருந்துதான் சொல்வார்.

அந்தத் திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுக்கும் பெட் ஸ்பேஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டிலையும் சுற்றிக் கம்பி கட்டி ஒரு துணி தொங்கும். அந்தத் துணிதான் நமக்கு வீடு, வாசல், கதவு, தாழ்ப்பாள் எல்லாம். அது மூடியிருந்தால் உள்ளே இருப்பவர் நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறார், அல்லது மனைவியோடு பேசுகிறார், அல்லது அழுகிறார். மூன்றில் எதுவானாலும் கூப்பிடக் கூடாது. யாரும் எழுதிவைக்காத சட்டம். விசா கொடுத்த கபீல் சொல்லை மீறுகிறவன்கூட இதை மீற மாட்டான்.

அருள்முருகனின் கட்டிலுக்கு நேர் எதிரே கீழ்க்கட்டிலில் இருந்தவர் கார்மேகம். பரமக்குடிப் பக்கம். ஒரு குடோனில் இரவுக் காவல். வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, பேச்சுத் துணைக்கு ஏங்குகிற சுபாவம். பேச ஆள் கிடைக்காமல் ஏசியோடு பேசிப் பார்த்தார் என்று அறையில் கேலி செய்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் அருள்முருகன் ஏற்பாடு செய்திருந்த திரையிடல். அலமாரிக் கதவுகள்மேல் வெள்ளைப் போர்வையைக் குத்தி, புரொஜெக்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கார்மேகம் டூட்டி முடித்து வந்து தூங்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, வகுறு ஒரு மாதிரியா பெசையுதுண்ணே. வலப்பக்கம் பிடிச்சு இழுக்குது. என்ன செய்யிறதுன்னு தெரியல."

அருள்முருகன் ஹெட்போனில் ஒலியைச் சோதித்துக்கொண்டிருந்தார். விரல் உயர்ந்தது.

கார்மேகம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "சரிண்ணே, நீங்க வேலயப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கட்டிலில் போய்ப் படுத்துத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆக, உள்ளே வலியோடு ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. அந்தத் திரையிடலுக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாது. அருள்முருகன் அவர்களை வரவேற்று, மூடிய திரையைக் காட்டி, "நைட் டூட்டிக்காரர் தூங்குறார், சத்தம் போடாதீங்க" என்று அக்கறையாகச் சொல்லவும் செய்தார்.

பார்வையாளர்களில் இருவரை மட்டும் சொன்னால் போதும். மணிகண்டன் என்று ஒரு சேஃப்டி ஆபீசர். சைட்டில் ஹெல்மெட் போடாதவனைக் கால் கிலோமீட்டரில் கண்டுபிடிப்பார், படத்துக்கு வருவது பிறகு கிடைக்கும் பிரியாணிக்காக. இன்னொருவர் ஹசன் அலி, கீழக்கரைக்காரர், கீழே மொபைல் கடை வைத்திருப்பவர். படம் தொடங்கிய சற்று நேரத்தில் தூங்கிவிடுவார். ஆனால் அன்று தன் கடைக்கு வந்த புது ஸ்பீக்கரைக் கொண்டுவந்து கொடுத்திருந்ததால், அது எப்படிப் பேசுகிறது என்று பார்க்க விழித்திருந்தார்.

படம் தொடங்கியது. கோட்டு. கெட்டில். ஜன்னல். மழை. பாதிப் படத்தில் அந்த லண்டன்காரன் உடம்பு சரியில்லாமல் போய்ச் சமையலறைத் தரையில் விழுந்துவிட்டான். மேல்மாடியில் யாரோ நடக்கிறார்கள். அடுத்த வீட்டில் யாரோ சிரிக்கிறார்கள். ஒருவரும் வரவில்லை.

அப்போதுதான் அந்த முனகல் கேட்டது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, பல்லுக்கிடையில் நசுங்கி வெளியே வந்த சத்தம்.

அருள்முருகனுக்கு மெய்சிலிர்த்தது. "கவனிங்க, கீழ விழுந்துட்டான்" என்று கிசுகிசுத்தார். "அவன் வாய் அசையல. ஆனா சத்தம் வருது. உள்மனசோட சத்தம். டைரக்டர் எங்க நிக்கிறான் பாருங்க."

"பின்னாலேருந்து வர்ற மாதிரில்ல இருக்கு?" என்றார் மணிகண்டன்.

"அதான் ஸ்பீக்கரு" என்றார் ஹசன் அலி பெருமையாக. "முன்னால வச்சா பின்னால கேக்கும். ஜெர்மன் டெக்னிக்கு. எப்புடிப் பேசுது பாத்தியளா?"

முனகல் ஏறியது, இறங்கியது. ஒரு தடவை "ஆத்தா" என்றுகூட வந்தது. பிரிட்டிஷ் படத்தில் ஆத்தா எப்படி வந்தாள் என்று யாராவது யோசித்தார்களா? மணிகண்டன் லேசாக யோசித்தார். துயரம் எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்று அருள்முருகன் அந்த யோசனையை முளையிலேயே கிள்ளிவிட்டார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, சிரிப்பும் வந்து தொலைக்கிறது.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. முனகல் நிற்கவில்லை.

"பாத்தீங்களா?" என்று அருள்முருகன் எழுந்து நின்றார். "படம் முடிஞ்சாலும் தனிமை முடியல. அதத்தான் சொல்ல வர்றான்."

பெயர்களும் ஓடி முடிந்தன. லேப்டாப்பை மூடினார். அவர் இந்தக் காட்சியில் மௌனத்தின் பங்கைப் பற்றிப் பேசத் தொடங்கிய நேரத்தில், ஹசன் அலி குனிந்து ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தி அணைத்தார். சத்தம் அப்படியே இருந்தது. அவர் ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது நம்ம ஸ்பீக்கர்லேருந்து வரல."

எல்லாரும் மூடிய திரையைப் பார்த்தார்கள். ஹசன் அலி அதன் பக்கம் நடந்தார்.

"வேணாங்க பாய்" என்றார் அருள்முருகன். "தூங்குற ஆளு. திரை மூடியிருக்கு."

ஹசன் அலி திரையை விலக்கினார். கார்மேகம் சுருண்டு கிடந்தார். முகம் வெளுத்து, தலையணையெல்லாம் வியர்வை. தலையணையின் ஒரு மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார், படம் பார்க்கிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று.

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. இந்தியும் அரபியும் கலந்து ஹசன் அலி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். மணிகண்டன் தன் உத்தியோகம் அப்போதுதான் நினைவுக்கு வந்து, நோயாளியை எப்படித் தூக்க வேண்டும் என்று சரியாகச் சொல்லித் தூக்கவைத்தார். அருள்முருகன் லிஃப்ட்டைப் பிடித்து நின்றார். ஆஸ்பத்திரியில் குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். அன்று மாலையே அறுவை சிகிச்சை. பிழைப்பாரா என்பது மறுநாள்வரை யாருக்கும் தெரியவில்லை. பிழைத்துக்கொண்டார்.

பிழைத்தார் என்று தெரிந்ததும் நம் ரசிகர் என்ன செய்தார்? ஃபேஸ்புக்கில் தன் சினிமா குழுவில் ஒரு பதிவு போட்டார். 'திரையில் ஒருவன், திரைக்குப் பின்னால் ஒருவன்' என்று தலைப்பு. நல்ல நடை. படத்தின் ஒளிப்பதிவு பற்றி நாலு பத்தி, தன் மனம் நொறுங்கியது பற்றி ஆறு பத்தி, நோயாளியைப் பற்றி ஒரு வரி. 'அறையில் தங்கியிருக்கும் ஒரு சகோதரர்' என்று இருந்தது. கார்மேகம் என்ற பெயரை எழுத இடம் கிடைக்கவில்லை போலும். நூற்றுக்கணக்கானவர்கள் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள்.

ஆனாலும் மனுஷன் கெட்டவர் இல்லை. வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மன்னிப்பு கேட்க வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போனார். அதைத் தொடங்குவதற்குள் கார்மேகமே பேச ஆரம்பித்துவிட்டார். பேச ஒரு ஆள் வந்துவிட்ட சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"வாங்கண்ணே, உக்காருங்க. அன்னைக்கு உங்க படத்தக் கெடுத்துட்டேனாண்ணே?"

"அதெல்லாம் இல்லப்பா."

"நானும் உள்ள படுத்துக் கேட்டுக்கிட்டேதான் கெடந்தேன். பேச்சே இல்லாத படமா இருந்துச்சு. அந்த வெள்ளக்காரரு கீழ விழுந்துட்டாருன்னு நீங்க சொன்னீகல்ல, அவரப் பாக்க கடைசில யாராச்சும் வந்தாகளாண்ணே?"

"இல்ல. யாரும் வரல."

கார்மேகத்தின் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"பாவம்ணே. அவருக்குக் கூட இருக்க ஆளுக யாரும் இல்ல போல."

அருள்முருகன் ஆப்பிளை எடுத்து நறுக்கத் தொடங்கினார். மௌனத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவருக்கு அன்றைக்குத்தான் அது கிடைத்தது.

திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். திருந்தினார், பத்து நாளைக்கு. அந்தப் பத்து நாளும் அறையில் எவனும் நிம்மதியாகத் தூங்கவில்லை. மூடிய திரையையெல்லாம் விலக்கி விலக்கி "தம்பி, தனிமையா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மனைவியோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர் செருப்பைத் தூக்கியதோடு அந்தத் தொண்டு நின்றது. இப்போது ஐஸ்லாந்துப் படங்களுக்கு மாறியிருக்கிறார். அங்கே ஜன்னலுக்கு வெளியே பஸ்கூடப் போகாதாம்.

இந்த ரகத்தை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பீர்கள். சுலபம். கார்மேகம் அந்த வெள்ளைக்காரனுக்காக வருத்தப்பட்ட இடத்தில் உங்களுக்கு நெஞ்சு லேசாகக் கனத்ததா? நல்ல மனசு, வாழ்க. ஆனால் கார்மேகம் என்று யாரும் கிடையாது. நான் உட்கார்ந்து எழுதியவர். அவருக்கு வயிறே இல்லை. நீங்கள் அவருக்காக உருகிக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் பக்கத்தில் வயிறும் வாயும் உள்ள ஒருவர் வந்து நின்று உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்களும் கண்ணை எடுக்காமல் "ம்" என்றீர்கள். என்ன சொன்னார் அவர்?