எட்டடியும் ஓர் அங்குலமும்

பீரோ முக்கால்வாசி எழுந்து, அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. தலை கூரையில் முட்டிக்கொண்டிருந்தது. பாரம் முழுவதும் கணக்கு வாத்தியாரின் தோளில் இருந்தது.

“டெய்லர், இன்னும் ஒரே ஒரு தம் பிடிங்க!”

“தம்மெல்லாம் தீர்ந்து ரொம்ப நேரமாச்சு சார். மேல இடிக்குது.”

“எப்படி இடிக்கும்? ரூம் உயரம் எட்டடி. பீரோ அதைவிட ரெண்டு அங்குலம் கம்மி. அளந்துதானே வாங்கினேன்!”

“அதை பீரோகிட்ட சொல்லுங்க.”

இருவரும் முக்கி முனகி அதை மறுபடி தரையில் கிடத்தினார்கள். வாத்தியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பேந்தப் பேந்த விழித்தார்.

மனிதரை இந்தப் பாடு படுத்தியது பீரோ மட்டும் இல்லை. அவர் மனைவியின் துணிமணியெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தது. ஒரு கைக்குட்டை வேண்டுமென்றாலும் அந்த அம்மாள் குப்புறப் படுத்துத் துழாவ வேண்டும். போன வாரம் பொறுமை போய்விட்டது. “இந்தப் பொட்டிங்களோட இனிமே என்னால குடித்தனம் பண்ண முடியாது” என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இன்று காலை போனில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்: ‘சாயந்திரம் ஒரு முடிவோட வரேன்.’

முடிவு! அந்த ஒரு வார்த்தையை வாத்தியார் அதற்குள் பத்துத் தடவை படித்துவிட்டார். அவள் இல்லாத வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்தாகிவிட்டது. இன்னொரு நாள் கூட அவரால் முடியாது. அவள் வருவதற்குள் பீரோ நின்றாக வேண்டும்.

“பேசாம பலகை பலகையா கழட்டி, நிக்க வெச்சே பூட்டிடலாமே சார்?” என்றார் கீழ்க்கடை டெய்லர்.

“கழட்ட முடியாது.”

“ஏன்?”

“ஒவ்வொரு ஓட்டையிலயும் பசையை ஊத்தித்தான் ஸ்க்ரூ போட்டேன்.”

“பசை ஊத்தச் சொல்லி, பீரோவோட வந்த படத்துல போட்டிருக்கா?”

“இல்ல. போன தடவை நான் பூட்டின ஷெல்ஃப் அவ கால்ல விழுந்துச்சு.”

டெய்லர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துப் பீரோவைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். நாற்காலி போட்டு ஏறி அறையையும் அளந்தார். வாத்தியார் சொன்னது அங்குலம் பிசகாமல் சரியாக இருந்தது.

“படுத்தா கம்மியா இருக்கு, எழுந்தா ஜாஸ்தியாவுது” என்று டெய்லர் தலையைச் சொறிந்தார். “ரெடிமேட்னாலே இப்படித்தான் சார். லேபிள்ல ஒண்ணு போடுவான், மாட்டிப் பார்த்தா வேற ஒண்ணு.”

“மரம் எப்படிய்யா எழுந்திருக்கும்போது மட்டும் வளரும்?”

“ஒருவேளை ஃபேன் இடிக்குதோ?”

ஃபேனைக் கழற்றினார்கள். பீரோ அதே இடத்தில் இடித்தது. இப்போது காற்றும் போய்விட்டது. வேகமாகத் தூக்கினால் ஏமாந்து எழுந்துவிடும் என்று டெய்லர் ஒரு யோசனை சொன்னார். ஒரே வீச்சில் தூக்கினார்கள். பீரோ ஏமாறவில்லை. கூரையில் கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து வாத்தியாரின் தலையில் கொட்டியது. மாடி வீட்டு அம்மாள் படியில் நின்று கத்தினாள்:

“யாருய்யா அது கீழேருந்து இடிக்கிறது? அடுப்புல வெச்ச பால் தளும்புது!”

“ஒண்ணுமில்லம்மா, சும்மா பீரோ!” என்று வாத்தியார் அசடு வழிந்தார்.

அந்த நேரம் பார்த்தா மனைவி போன் செய்ய வேண்டும்!

“என்னங்க அங்க சத்தம்?”

“சத்தமா? அதெல்லாம் இல்லையே.”

“நான் வர்றவரைக்கும் வீட்டுல ஒரு சாமானையும் தொடாதீங்க. சொல்லிட்டேன்.”

போனை வைத்துவிட்டாள். வாத்தியாருக்கு முகம் வெளிறிவிட்டது. “பார்த்தீங்களா டெய்லர், தன் சாமானை நான் தொடக்கூடாதாம்! எண்ணி எடுத்துட்டுப் போகத்தான் வரா.”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. அதை மறைக்கத் திரும்பியவர் பீரோவின் பக்கவாட்டுப் பலகையைப் பார்த்தபடி நின்றார். நீளமான செவ்வகம். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு போட்டால்... சட்டென்று பையிலிருந்த சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டார். பக்கத்திலேயே எண்களை எழுதிக் கடகடவென்று பெருக்கிக் கூட்டினார்.

“எட்டடி ஓர் அங்குலம்! கர்ணம்! அய்யோ, கர்ணம்!”

“யாரு சார் அவரு? வீடு பக்கத்துலதான்னா கூப்பிடுங்க, ஒரு கை பிடிக்கட்டும்.”

“ஆள் இல்லைய்யா! சாய்வுக் கோடு! எழும்பும்போது முட்டுறது உயரம் இல்ல, இந்த மூலை! வருஷா வருஷம் ஒன்பதாம் கிளாஸுக்கு நான் தொண்டை கிழியக் கத்துறேனே, பிதாகரஸ் தேற்றம், அதுதான் இது!”

வகுப்பில் வருடத்துக்கு ஒரு பையனாவது எழுந்து, இது எதற்கு உதவும் என்று கேட்பான். பரீட்சைக்கு உதவும் என்று வாத்தியார் உட்கார வைத்துவிடுவார். தேற்றத்தை இப்படித் தோளில் சுமப்போம் என்று கனவிலும் நினைத்ததில்லை.

டெய்லர் அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். “அந்த பிதாகரஸ் மனுஷனும் பீரோவை வாங்கிப் படுக்கப் போட்டுப் பூட்டியிருப்பாரு போல. இல்லேன்னா இப்படி ஒரு கணக்கு யாருக்குத் தோணும்? அவரு சம்சாரமும் கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தாங்களா?”

“ரம்பம் இருக்கா?” என்றார் வாத்தியார்.

ரம்பம் வந்தது. பீரோவின் நான்கு கால்களையும் அறுத்தார்கள். தூக்கினார்கள். வழுக்கிக்கொண்டு எழுந்து நின்றது பீரோ! இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் ஆசையோடு கதவை இழுத்தார். திறக்கவில்லை. கால் போனதால் கதவின் அடி தரையில் அழுந்தி நின்றது.

“திறக்காத பீரோவை வெச்சு அவ என்ன பண்ணுவா?”

“அறுத்த காலைத் திருப்பி வெச்சுடலாம் சார். இப்பதான் நின்னாச்சே.”

டெய்லர் கடப்பாரையால் நெம்ப, வாத்தியார் ஒவ்வொரு காலாக அடியில் செருகி, மிச்சமிருந்த பசையை ஊற்றினார். கதவு திறந்தது. ஆனால் பீரோ குடிகாரனைப் போல ஆடியது. ஷெல்ஃப் விழுந்த கதை இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. உடனே உச்சிக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த சந்தில் கட்டைகளை அடித்து இறுக்கி, அதற்கும் பசை. ஆட்டிப் பார்த்தார்கள். சுவர் ஆடினாலும் ஆடும், பீரோ ஆடாது.

“இனிமே இதை அந்த பிதாகரஸே வந்தாலும் அசைக்க முடியாது” என்று டெய்லர் கையைத் தட்டிக்கொண்டு கீழே போனார்.

வாத்தியார் அவசர அவசரமாக அட்டைப்பெட்டிகளை இழுத்து, துணிகளை மடித்துப் பீரோவில் அடுக்கினார். கடைசித் துணியை வைக்கும்போது தெருவில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தலையெல்லாம் காரை, சட்டையெல்லாம் பசை. அப்படியே பீரோ முன்னால் நின்றார். சண்டை போட்டாலும் போடட்டும், போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

படியில் காலடி கேட்டது. கதவு திறந்தது. மனைவி இல்லை. தோளில் கயிற்றுச் சுருளோடு பனியன் போட்ட ஓர் ஆள்.

“நீங்க யாருங்க?”

வந்தவர் பீரோவைக் கீழிருந்து மேல்வரை பார்த்து, நிதானமாகச் சொன்னார்:

“உங்க வீட்டம்மா புது வீட்டுச் சாவியோட, உங்களைக் கூட்டிட்டுப் போக கீழ லாரியில உக்காந்திருக்காங்க சார், மொதல்ல இந்த பீரோவைச் சாய்ச்சுப் படுக்கப் போட்டுக் குடுங்க.”