இருபத்திரண்டு டிகிரிச் சம்பந்திகள்

"மாப்பிள்ளை, நான் கொஞ்ச நேரம் மாடிப்படியில போய் உட்கார்ந்துட்டு வரேன். இங்க கை காலெல்லாம் விறைச்சுப்போச்சு."

காலை ஏழு மணிக்கு ஸ்வெட்டர், அதன் மேல் மப்ளர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ் சகிதம் ஹாலில் நின்று இப்படிச் சொன்னவர் மனைவியைப் பெற்ற மாமனார். அவருக்கு நாலடி தள்ளி, பனியனோடு உட்கார்ந்து நாளிதழால் விசிறிக்கொண்டிருந்தவர் சொந்த அப்பா.

"அவருக்கு விறைக்குதாமா? என் உச்சந்தலையில முட்டையை உடைச்சு ஊத்திப் பாருடா. பொரியும்!" என்றார் அப்பா.

இருவருக்கும் நடுவே ரிமோட்டும் கையுமாக நின்ற மாப்பிள்ளைக்கு ஆபீசில் 'அட்டவணை' என்று பெயர். பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. நாற்பது வண்டிகளை ஒன்றோடொன்று இடிக்காமல் ஓடவிடுகிறவர். வீட்டில் இருப்பதோ இரண்டே சம்பந்திகள். முடியவில்லை, ஐயா, முடியவில்லை!

இத்தனைக்கும் போன வாரம் வரை இருவரும் நகமும் சதையும். இருவரும் மனைவியை இழந்தவர்கள். இரண்டு வருஷமாக இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். காலையில் ஒன்றாக நடை, மத்தியானம் செஸ், சாயங்காலம் ஒரே காபியை இரண்டாகப் பங்கிட்டுக் குடித்துவிட்டு அது யாருக்குக் குறைந்தது என்று ஒரு செல்லச் சண்டை. அக்கம்பக்கத்தில் கண் வைக்காத ஆள் இல்லை.

அந்தக் கண்தான் பட்டதோ என்னவோ, அட்டவணை ஹால் சுவரில் ஏசி மாட்டினார். குளிரும் கொடுக்கும், சூடும் கொடுக்கும் என்ற ஸ்பிளிட் ஏசி. உள்ளே சுவரில் வெள்ளையாக ஒன்று, வெளியே பால்கனியில் பெட்டி மாதிரி ஒன்று, நடுவே குழாய். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவர் தவணையில் வைத்துக்கொண்டார்.

"சரி, இருபதில் இருக்கு. இருபத்தி நாலா வெச்சிடறேன். ரெண்டு பேருக்கும் பொதுவா" என்று பொத்தானை அழுத்தினார்.

"அப்பாடா! இப்பதான் குளிர் கொஞ்சம் மட்டுப்படுது" என்று மாமனார் மப்ளரில் ஒரு சுற்றைக் கழற்றினார்.

"போச்சு! இப்பவே வேர்க்குது பார்" என்று அப்பா பனியனைக் கழற்றினார்.

இருபத்திரண்டு வைத்தார். மாமனார் மப்ளரைச் சுற்றிக்கொண்டார். அப்பா பனியனை மாட்டவில்லை. வாசலில் கூரியர்காரர் வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்த மாசம் இது என்ற சந்தேகத்தோடு திரும்பிப் போனார்.

அட்டவணை தனக்குத் தெரிந்த வித்தையைக் கையில் எடுத்தார். ஒரு தாளில் கோடு போட்டு எழுதி ஹாலில் ஒட்டினார். காலை ஆறு முதல் பத்து வரை அப்பாவுக்குக் குளிர். பத்து முதல் இரண்டு வரை மாமனாருக்குச் சூடு. மறுபடி குளிர், மறுபடி சூடு.

பத்து மணிக்குச் சூடு என்ற பொத்தானை அழுத்தியதும் காற்று மெல்ல அடங்கியது. மாமனார் கண்ணை மூடி, "ஆகா, வெந்நீர் ஒத்தடம் மாதிரி இதமா இருக்கு மாப்பிள்ளை" என்றார். அதே நிமிஷம் அப்பா முதுகைச் சொறிந்துகொண்டு, "வேர்க்குரு கிளம்பிடுச்சு, வேர்க்குரு!" என்று கத்தினார். சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவி, "அட ஆமாங்க, அடுப்புப் பக்கமே தேவலை போலிருக்கே" என்றாள்.

அட்டவணைப்படி இரண்டு நாள்கூட ஓடவில்லை. அப்பாவின் கைக்கடிகாரம் ஐந்து நிமிஷம் முன்னால் ஓடும். மாமனாருடையது ஐந்து நிமிஷம் பின்னால். அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஹாலில் யுத்தம்.

"சம்பந்தி, இது என் நேரம்!"

"உங்க நேரம் நல்லா இருந்தா நான் ஏன் சம்பந்தி இப்படி நடுங்குறேன்?"

பொறுக்க முடியாமல் அட்டவணை ரிமோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியோடு ஆபீஸ் போனார். ஸ்டூலைப் போட்டு ஏறினால் மெஷினிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது என்பதை இரண்டு பெரியவர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஸ்டூலுக்குச் சண்டை. அதில் மாமனாரின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. செஸ் பலகை பாதி ஆட்டத்தில் அப்படியே கிடந்தது. காபி இரண்டு தம்ளரில் போயிற்று.

கடைசி முயற்சியாக, காற்று மாமனார் பக்கம் போகாமல் இருக்க மெஷினுக்கு அடியில் அட்டை ஒன்றைக் கட்டினார் அட்டவணை.

"அட்டையில பட்டு, சுவர்ல பட்டு, நேரா என் முழங்கால்ல இறங்குது மாப்பிள்ளை. ராத்திரியெல்லாம் குத்தல். டாக்டர் ரெண்டு மாத்திரை குடுத்திருக்கார்" என்றார் மாமனார்.

"எனக்கு வர காத்தையும் அடைச்சிட்டியே, பாவி! அவியறேன்டா!" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"நான் சின்னவ வீட்டுக்குப் போறேன்மா. அங்க ஏசி கிடையாது. நல்ல ஜனங்க."

மனைவி கணவனை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"எங்கப்பா போனா உங்கப்பா நாலு நாள் தாங்குவாரா? அவரும் உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுவார். ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அம்மா போனப்புறம் எங்கப்பா சிரிச்சதே இந்த வீட்டுக்கு வந்துதாங்க." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஏசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரெண்டு பேரும் வேணும்."

அட்டவணை கதவைத் திறந்து வெளியே வந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பஸ்ஸைக்கூடத் திருப்பி அனுப்பாதவர், அன்றைக்குப் போனை எடுத்து ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"வந்து கழட்டிடுப்பா. எவ்வளவு நஷ்டம் ஆனாலும் பரவாயில்லை."

மெக்கானிக் அரை மணியில் வந்துவிட்டார். போன வாரம் இதே மெஷினை மாட்டியவர். பத்து வருஷ அனுபவத்தில், மாட்டிய வாரமே கழற்றச் சொன்ன வீடு இதுதான் முதல் என்றார்.

"என்ன சார் குறை? குளிர் பத்தலையா?"

"பத்தலையாவா?" மாமனார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினார். "பாருங்க தம்பி, மயிர்க்கூச்செறிஞ்சு நிக்குது. இது ஏசி இல்ல, பனிமலை. இன்னும் ரெண்டு நாள் இருந்தா என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்."

"அவர் சொல்றதைக் கேட்காதே. சூட்டுல வெச்சா இது கொல்லன் உலை. என் முதுகைப் பார்!" என்று அப்பா திரும்பி நின்றார். முதுகு நிஜமாகவே சிவந்திருந்தது.

"எனக்கும்தாங்க. குளிர்ல வெச்சா கையெல்லாம் வறண்டு போகுது, உதடு வெடிக்குது" என்றாள் மனைவி.

அட்டவணை பெருமூச்சு விட்டார். "மெஷினைக் குறை சொல்ல மாட்டேன்ப்பா. ரொம்பச் சக்தியான மெஷின். ரிமோட்ல ஒரு டிகிரி மாத்தினா போதும், சோபாவோட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எனக்கே வித்தியாசம் தெரியுது. எங்க வீட்டுக்குத்தான் அது தாங்கலை. கழட்டிடு."

மெக்கானிக் தலையாட்டினார். "சரி சார். கழட்டுறதுக்கு முன்னாடி வெளியில இருக்கிற பெட்டியோட சுவிட்சை அணைக்கணும். ஒரு நிமிஷம்" என்று பால்கனிக்குப் போனார்.

மாமனார் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். அப்பா அவரைப் பார்க்காத மாதிரி பார்த்தார். "முழங்கால் இப்ப எப்படி இருக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். "இருக்கு" என்று மாமனாரும் சுவருக்கே பதில் சொன்னார்.

போன மெக்கானிக் போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஒருதரம் ஸ்வெட்டரைப் பார்த்தார், ஒருதரம் சிவந்த முதுகைப் பார்த்தார், அப்புறம் அட்டவணையின் காதருகே குனிந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க, மெஷினை மாட்டின அன்னிக்கே அந்தச் சுவிட்சைப் போட நான் மறந்துட்டேன், இத்தனை நாளா இங்க ஓடினது வெறும் ஃபேன்தான்."