ஷேவட் காகாவின் வேன்

புத்தகத்துக்குக் கரையான் எதிரி, எலி எதிரி, மழை எதிரி என்பார்கள். மூன்றையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் எங்கள் ஷேவட் காகாவை உட்கார வைத்தால், காகாவின் தட்டுதான் தரையில் இடிக்கும்.

சாகண் என்ற ஊரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சின்னக் கிராமத்துப் பள்ளியின் வேன் டிரைவர் அவர். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. ஷேவட் என்றால் முடிவு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது ஹெட்மிஸ்ட்ரஸுக்கே மறந்துபோயிருந்தது.

நான் அந்தப் பள்ளியில் பகுதி நேர நூலகர். கோவையிலிருந்து இந்த மராத்திச் சீமைக்கு வந்து சாங்வியில் குடியேறிய புதிதில், சுவரையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பிடித்த வேலை. சாகணில் வேலை பார்க்கும் கணவர் காலையில் என்னை அங்கே சவுக்கில், அதாவது நாற்சந்தியில், இறக்கிவிடுவார். அங்கிருந்து பள்ளி வேன்.

முதல் நாளே, "தாயி, ஏறு" என்றார் காகா. பல வருஷம் கோவைக்கு லாரி ஓட்டியவர். லாரி ஷெட்டில் கற்ற தமிழ் என்பதால் 'ங்க' எல்லாம் கிடையாது. ஆனாலும் நம் ஊர்ப்பக்கம் போலத் தாயி என்கிறாரே என்று பூரித்துப்போய் ஏறி உட்கார்ந்தேன். மராத்தியில் தாயி என்றால் அக்கா என்பது பிறகுதான் தெரிந்தது. என் அப்பா வயதுக்காரருக்கு நான் அக்கா!

நூலகம் என்பது இரண்டு இரும்பு பீரோ, ஒரு ஜமக்காளம். மதியம் வேனை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு காகா வந்து உட்கார்ந்து படிப்பார். டிரைவர்கூட வந்து படிக்கும் நூலகம் என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். பிள்ளைகளும் அடித்துப் பிடித்துப் புத்தகம் எடுத்துப் போனார்கள். மறுநாள் காலையில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன.

"அதுக்குள்ள படிச்சாச்சா?" என்று ஆறாம் வகுப்பு அஷ்வினியிடம் என் அரைகுறை மராத்தியில் கேட்டேன்.

"இல்ல மேடம். மோதிரத்த முழுங்கினது முதலைதானாம். வேன்ல காகா சொல்லிட்டார்."

நேரே வேப்பமரத்தடிக்குப் போனேன். "காகா, முடிவை ஏன் சொல்றீங்க?"

"தாயி, நீ யோசி. கொழந்தை புஸ்தகம் படிக்குது. நடுவுல நாய் காணோம். வருமா, வராதா, தெரியாது. கொழந்தைக்குச் சோறு எறங்குமா? நான் 'நாய் வரும்'னு சொல்லிட்டா நிம்மதி."

"அந்தத் தவிப்புதான் காகா கதையே!"

"பிரேக் போன லாரியில காட் ரோடு எறங்கி, தவிப்பு நான் நிறைய பாத்துட்டேன். கொழந்தைக்கு எதுக்கு?"

மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் இறங்கியவரிடம் என்ன வாதாடுவது? கடைசிப் பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்து மூடினேன். மதியம் காகா உள்ளங்கை நிறையப் பின்களோடு வந்தார். "தாயி, யாரோ குத்தி வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் நானே ரிப்பேர் பண்ணிட்டேன்!" நன்றி சொல்வதைத் தவிர எனக்கு வழி இருக்கவில்லை.

ஆண்டு விழா நாடகத்தில், கடைசி வரிசையில் இருந்த அம்மாக்களுக்கு அவர் உதவப் போனார். "அந்தத் தோட்டக்காரன்தான் ராஜா!" காகாவின் ரகசியக் குரல் லாரி ஹாரனுக்குச் சமம். மேடையில் இருந்த தோட்டக்காரன் குழம்பி, இரண்டு காட்சிக்கு முன்பே ஒட்டுத்தாடியைக் கழற்றிவிட்டான்.

சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, புத்தகமெல்லாம் புதுசாகவே இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். யாரும் படிக்காத நூலகத்துக்கு ஓர் அறை எதற்கு, தீபாவளி விடுமுறை முடிந்து வந்து பார்ப்பேன், இப்படியே இருந்தால் விளையாட்டுச் சாமான் போடக் கொடுத்துவிடுங்கள் என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்தார். நான் பீரோவைப் பார்த்தேன்.

அந்த வாரம் காலைப் பிரார்த்தனையில், தினம் ஒரு பக்கமாக வாசித்துவந்த கதையின் கடைசிப் பக்கத்தை வாசிக்கும் முறை அஷ்வினிக்கு வந்தது. சந்தையில் விற்ற மாட்டைப் பற்றிய கதை. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது என்று காகா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அஷ்வினி வாசித்தாள்: மாடு வரவே இல்லை.

சாயங்காலம் பிள்ளைகள் வேனில் ஏற மறுத்துச் சுற்றி நின்றார்கள். "காகா, பொய் சொன்னீங்க!"

காகா எஞ்சினை அணைத்தார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. எப்போதும் இரையும் குரல் எங்கோ போயிருந்தது. "வரல. நானும் படிச்சேன். எங்க வீட்டு மாடும்தான் வரல. அதப் போய் உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்று மராத்தியில் சொன்னார்.

பிறகு அஷ்வினி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அந்த நாய்?"

காகா துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் என் ஜமக்காளத்தில் கால் வைக்க இடமில்லை. காகா சொன்ன எந்த முடிவையும் இனி நம்ப முடியாது. எல்லாக் கதையையும் முதலிலிருந்து சோதித்தாக வேண்டும்! பீரோக்கள் காலியாயின. வேன் கோர்ட்டானது.

"காகா, ராணி செத்துட்டா! கடைசிப் பக்கத்துல இருக்கு!"

"புஸ்தகத்துல சாகட்டும். என் வேன்ல அவ உயிரோடதான் வருவா."

விடுமுறை முடிந்து நிர்வாகத்துக்காரர் வந்தார். பீரோவைத் திறந்தார். உள்ளே அகராதி ஒன்று மட்டும் படுத்திருந்தது. "புத்தகமெல்லாம் எங்கே? திருட்டா?" என்று பதறினார்.

"பிள்ளைங்க வீட்ல இருக்கு சார்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். வந்தவர் பீரோவை மெதுவாகச் சாத்தினார். விளையாட்டுச் சாமானுக்கு வராந்தாவின் மூலையே போதும் என்றாகிவிட்டது.

போன வருஷம் பள்ளிக்கு முழு நேர நூலகர் வந்துவிட்டார். என் வேலை முடிந்தது. ஆனாலும் அவ்வப்போது சனிக்கிழமைகளில், பள்ளி விடும் நேரத்துக்கு சாகண் சவுக்கில் போய் நிற்கிறேன். வேன் வரும். இரைச்சல் வரும். "தாயி, மெலிஞ்சு போயிட்டே" என்று காகா ரோடு முழுக்கக் கேட்கும்படி சொல்வார். ஐந்து நிமிஷம் பேசிவிட்டுத் திரும்புவேன்.

எதற்கு இவ்வளவு தூரம் என்று கணவர் கேட்டால், சாகண் மார்க்கெட்டில் வெங்காயம் நன்றாக இருக்கும் என்பேன். சாங்வியில், எங்கள் வீட்டுக்குக் கீழேயே வெங்காயம் விற்கிறார்கள்.