யூச்சிகள் திரும்பிப் போகவில்லை

தன் ஆய்வைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், ஆராய்ச்சி மாணவனுக்கு இடம் பொருள் ஏவல் மறந்துவிடும். என் கல்யாணம் அப்படித்தான் நிற்கப் பார்த்தது.

அப்போது நான் யூச்சிகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் சீனத்தின் வடமேற்கே குதிரைகளோடு திரிந்த நாடோடிகள். (அவர்களைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. அதுதான் சிக்கலே.) கூடவே சுபாவைக் காதலித்துக்கொண்டும் இருந்தேன். அவளுடைய அப்பாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் அவர்கள் வீடு. சுபாவின் அப்பா கணேசலிங்கம் அங்கிள் வழக்கப்படி முதலில் ஊரைக் கேட்டார். அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர், இன்னாரைத் தெரியுமா என்று எல்லாவற்றிலும் தேறினேன்.

"தம்பி என்ன படிக்கிறியள்?"

"ஹிஸ்டரி" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். சுபா கண்ணைக்கூடக் காட்டினாள். நானோ சியோங்னு என்ற எதிரிகள் யூச்சிகளை அடித்து விரட்டியதில் தொடங்கி, அவர்களின் அரசனைக் கொன்று மண்டையோட்டில் மது குடித்தது வரை போய்விட்டேன். விளக்கம் தெளிவாக இருக்கட்டுமே என்று கையிலிருந்த தேநீர்க் கோப்பையை உயர்த்தியும் காட்டினேன். ரோல்ஸ் பலகாரம் கொண்டுவந்த அன்ரி, சுபாவின் அம்மா, தட்டோடு குசினிக்குத் திரும்பிவிட்டார்.

அங்கிள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாவம் சனம். பிறகு?"

"மேற்குப் பக்கம் ஓடினவை அங்கிள். அங்கையும் அடி. கடைசியா நல்ல செழிப்பான இடமாப் பார்த்து இருந்திட்டினம். சீன ராசா தூது அனுப்பினவர், வாங்கோ, சேர்ந்து போய்ப் பழி வாங்குவம் எண்டு."

"போனவையோ?"

"இல்லை. வசதியா இருந்து பழகீட்டுது. திரும்பிப் போக மனமில்லை."

கனடாவுக்கு வந்த நாளிலிருந்து 'அடுத்த வருசம் திரும்பி ஊரோட போயிடுவன்' என்று சொல்லிவருபவர் அங்கிள் என்பது எனக்குத் தெரியாது. (ரொறன்ரோவில் பாதி அப்பாமார் அப்படித்தான். ஊகித்திருக்க வேண்டும்.) குசினியிலிருந்து அன்ரியின் சிரிப்பு கேட்டது.

"இஞ்சாருங்கோ, தம்பி உங்களைத்தான் சொல்லுறார்."

அங்கிள் எழுந்து பேஸ்மென்ட்டுக்குப் போனார். நான் கிளம்பும்வரை மேலே வரவில்லை.

அதன் பிறகு சுபா என் அழைப்புகளை எடுக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இனி அவள் எனக்கில்லை என்றே முடிவு செய்திருந்தபோது அங்கிள் தொலைபேசியில் வந்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"அந்தச் சனம் திரும்பிப் போகேல்லை, சரி. இருந்த இடத்தில என்ன செய்தவை?"

"பேரரசு கட்டினவை அங்கிள். குஷாணப் பேரரசு. இந்தியா வரைக்கும் ஆண்டவை."

மறுமுனையில் அவர் அன்ரியிடம் 'பேரரசாம்' என்று சொல்வது கேட்டது.

"இதை அண்டைக்கு வந்த நேரமே சொல்லியிருக்கலாமே தம்பி. ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அங்கிள் இப்போது ஊரோடு போவதைப் பற்றிப் பேசுவதில்லை. குப்பை எடுக்கும் நாளில் மட்டும் அன்ரியின் குரல் வீடு முழுக்கக் கேட்கும்.

"சக்கரவர்த்தி, குப்பைப் பெட்டியை வெளியில வைச்சாச்சோ?"

"ஓம், வைக்கிறன்" என்று சக்கரவர்த்தி பனிச் சப்பாத்தைத் தேடுவார்.